சுருக்கென்று அடிக்கிறது, மீட்டரில் மட்டும் பூஜ்யம்: நிலைமின்னூட்டத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஏ.சி. அறையில் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து கதவின் உலோகக் கைப்பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சுருக்கென்று அடிக்கிறது. இதில் பல ஆயிரம் வோல்ட் இருக்கிறது என்று படிக்கிறோம். அப்படியானால் மல்டிமீட்டரில் தெரிய வேண்டுமே என்று ஒரு முனையை உடம்பிலும் மறுமுனையைக் கைப்பிடியிலும் வைத்தால் பூஜ்யம் காட்டுகிறது, அல்லது எண்கள் அர்த்தமில்லாமல் ஓடுகின்றன. மீட்டர் பொய் சொல்கிறதா, இல்லை அந்த ஆயிரம் வோல்ட் கதையே பொய்யா?

இரண்டுமே பொய்யில்லை. மீட்டர் அளக்கும் முறைக்கும் இந்த மின்சாரம் இருக்கும் விதத்துக்கும் ஒத்துப்போகாது, அவ்வளவுதான். இதைப் பிடிப்பதற்கென்று 400 ஆண்டுகளாக வேறு வகைக் கருவிகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை வீட்டிலேயே செய்துவிடலாம். செய்வது சுலபம். அது காட்டுவதைச் சரியாகப் புரிந்துகொள்வதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

முதலில் மூன்று சொற்கள்

1. மின்னூட்டம்: ஒரு பொருளில் எலெக்ட்ரான்கள் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும் நிலை. கூடினால் எதிர்மின்னூட்டம், குறைந்தால் நேர்மின்னூட்டம். அளவு கூலூம்.

2. மின்னழுத்தம்: அந்த மின்னூட்டம் வெளியேறத் துடிக்கும் வேகம் என்று தற்காலிகமாக வைத்துக்கொள்வோம். அளவு வோல்ட்.

3. மின்தேக்குதிறன்: ஒரு வோல்ட் ஏறுவதற்கு ஒரு பொருள் எவ்வளவு மின்னூட்டத்தைக் கேட்கிறது என்பது. அளவு ஃபாரட்.

குடமும் தண்ணீரும் நினைவுக்கு வந்தால் சரி. தண்ணீரின் அளவு மின்னூட்டம், மட்டத்தின் உயரம் மின்னழுத்தம், குடத்தின் அகலம் மின்தேக்குதிறன். மனித உடம்பு மிகக் குறுகலான குடம். அதன் மின்தேக்குதிறன் சுமார் 100 பிக்கோஃபாரட் மட்டுமே (ஒரு பிக்கோஃபாரட் என்பது ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அதனால் ஒரு கூலூமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மின்னூட்டம் சேர்ந்தாலே மட்டம் 10,000 வோல்ட்டுக்கு ஏறிவிடும். ஆனால் தேங்கியிருக்கும் ஆற்றல் 5 மில்லிஜூல்தான். அது ஆளைக் கொல்லாது. ஆனால் பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க 0.2 மில்லிஜூலை ஒட்டிய ஒரு பொறியே போதும் என்பதால் பெட்ரோல் பங்க்கில் இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

மீட்டர் கதைக்கு வருவோம். சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். 100 பிக்கோஃபாரட் உடம்பை அதன் வழியே இறக்கினால் ஒரு மில்லி விநாடியிலேயே பெரும்பகுதி வடிந்துவிடும். மீட்டரின் திரையோ விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். அது கண் திறந்து பார்ப்பதற்குள் குடம் காலி. ஆக, நிலைமின்னூட்டத்தைக் காட்டும் கருவிக்கு முதல் தகுதி, அது அந்த மின்னூட்டத்தைக் குடித்துவிடக் கூடாது.

ஈர்ப்பு மட்டும் சாட்சி ஆகாது

1600-ல் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் செய்ததே முதல் கருவி. லேசான உலோக ஊசி ஒன்றைக் கூர்முனையில் திசைகாட்டி முள் போலச் சுழல விட்டார். தேய்த்த அம்பரை (கல்லாய் இறுகிய பழைய மரப்பிசின்) அருகில் கொண்டுவந்தால் ஊசி அதன் பக்கம் திரும்பும். இந்த ஒன்றை வைத்துக்கொண்டு கண்ணாடி, கந்தகம், அரக்கு, இரத்தினக் கற்கள் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்து, இந்தக் குணம் அம்பருக்கு மட்டும் சொந்தமில்லை என்று காட்டினார். களிமண் உருண்டையில் ஒரு பல்குச்சியை நட்டு, நீளவாக்கில் மடித்த காகிதத் துண்டை அதன் மேல் நடுநிலையாக உட்கார வைத்தால் உங்களுக்கும் ஒரு கில்பர்ட் ஊசி தயார்.

இதில் ஒரு குறை உண்டு. நேர்மின்னூட்டம் வந்தாலும் ஊசி திரும்பும், எதிர்மின்னூட்டம் வந்தாலும் திரும்பும். காரணம் தூண்டல். மின்னூட்டமுள்ள பொருள் அருகே வந்ததும், ஊசியிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒரு பக்கம் ஒதுங்குகின்றன. எதிர்க்குறி உள்ள பக்கம் கிட்டத்திலும் ஒத்த குறி உள்ள பக்கம் தூரத்திலும் அமைவதால் மொத்தத்தில் ஈர்ப்புதான் மிஞ்சும். சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதும் இதே கதை. அந்தத் துணுக்கில் மின்னூட்டம் ஏதும் இருக்க வேண்டிய அவசியமில்லை.

அடுத்த படி நெட்டிப் பந்து. ஐரோப்பாவில் எல்டர் மரத்தின் உட்சோற்றை உருட்டிச் செய்தார்கள். நம் ஊர்ப் பள்ளி ஆய்வகங்களில் நெட்டி. தஞ்சாவூரில் பெரிய கோயில் உருவங்களைச் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்களே, அதே நீர்த்தாவரத்தின் தண்டுதான். எடையே இல்லாதது போல் இருப்பதால் இரண்டு வேலைக்கும் தோதுப்படுகிறது. பட்டு நூலில் தொங்கும் அந்தப் பந்தை நோக்கி, கம்பளியால் தேய்த்த பி.வி.சி. குழாயைக் கொண்டுபோங்கள். பந்து பாய்ந்து வந்து ஒட்டும், ஒரு கணம் நிற்கும், பிறகு உதைத்துத் தள்ளியது போல் விலகி ஓடும். தொட்ட நேரத்தில் குழாயின் மின்னூட்டத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டது. இப்போது இரண்டும் ஒரே குறி.

அந்த விலகலில்தான் எல்லாம் இருக்கிறது. 1733-ல் பிரான்சின் தூஃபே, இப்படி விலகுகிறவற்றையும் ஈர்க்கிறவற்றையும் பிரித்துப் பார்த்தே மின்சாரம் இரண்டு வகை என்ற முடிவுக்கு வந்தார். அவற்றுக்கு நேர், எதிர் என்ற பெயர்கள் பின்னால் பெஞ்சமின் பிராங்க்ளினிடமிருந்து வந்தவை. மின்னூட்டமில்லாத பொருளும் ஈர்க்கப்படும். விலகல் நடந்தால் மட்டும் இரண்டிலும் மின்னூட்டம் இருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம்.

பாட்டிலுக்குள் இரண்டு இதழ்கள்

1787-ல் ஆபிரகாம் பென்னட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் பந்துகளை எடுத்துவிட்டு இரண்டு தங்க இதழ்களைத் தொங்கவிட்டார். தமிழ்நாட்டுப் பாடநூலில் தங்க இலை நிலைமின்காட்டி, இலங்கையில் பொன்னிலை மின்காட்டி. மேலே உலோகத் தட்டு, அதிலிருந்து கீழிறங்கும் உலோகத் தண்டு, தண்டின் அடியில் இரண்டு இதழ்கள், காற்று அடிக்காமல் சுற்றிலும் ஒரு கண்ணாடிக் கூடு. தண்டு கூட்டைத் தொடாதபடி நடுவே மின்கடத்தா அடைப்பான். மின்னூட்டம் தண்டு வழியே இறங்கினால் இரண்டு இதழ்களும் ஒரே குறி பெற்று ஒன்றையொன்று தள்ளி விரியும்.

தங்கம் ஏன்? ஆடம்பரத்துக்காக இல்லை. தங்கத்தைத் தட்டித் தட்டி ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன் வரைக்கும் கொண்டுபோகலாம். அவ்வளவு லேசான இதழை மிகச் சிறிய விசையும் தூக்கிவிடும். சமையலறை அலுமினியத் தாள் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் தடிமன். அதனால்தான் இணையத்தில் பார்த்துச் செய்த மின்காட்டிகள் பல அசையாமல் நிற்கின்றன. வீட்டில் செய்ய என் சிபாரிசு, இனிப்பின் மேல் ஒட்டும் வெள்ளி ரேக்கு. தங்க ரேக்கு கிடைத்தால் இன்னும் நல்லது. கையால் தொட்டால் விரலோடு ஒட்டிக் கிழிந்துவிடும். இரண்டு காகிதங்களுக்கு நடுவில் வைத்தே வெட்ட வேண்டும்.

பலர் விட்டுவிடும் இன்னொன்று, வீட்டில் கூடாகப் பயன்படும் கண்ணாடிப் பாட்டிலின் உட்பக்கம். அங்கே ஒரு அலுமினியத் தாள் பட்டையை ஒட்டி வெளியே இழுத்துத் தரையோடு தொடர்புபடுத்துங்கள். அதன் காரணம் சற்றுப் பின்னால் வரும்.

குறியைக் கண்டுபிடிக்கும் வரிசை

பி.வி.சி. குழாயைக் கம்பளியால் தேய்த்தால் குழாய் எதிர்மின்னூட்டம் பெறும். பட்டுத் துணியால் தேய்த்த கண்ணாடித் தண்டு நேர்மின்னூட்டம் பெறும். இவற்றை அடிப்படையாக வைத்துக்கொண்டால்:

1. தேய்த்த குழாயைத் தட்டுக்கு அருகே கொண்டுவாருங்கள், தொட வேண்டாம். எலெக்ட்ரான்கள் கீழே தள்ளப்பட்டு இதழ் விரியும்.

2. குழாயை அங்கேயே வைத்துக்கொண்டு தட்டை விரலால் தொடுங்கள். எலெக்ட்ரான்கள் உடம்பு வழியே இறங்கிவிடும். இதழ் மடங்கும்.

3. முதலில் விரலை எடுங்கள். அப்புறம்தான் குழாய். மாற்றிச் செய்தால் எல்லாம் வீண். போன எலெக்ட்ரான்கள் விரல் வழியே திரும்பி வந்துவிடும்.

4. குழாய் விலகியதும் இதழ் மறுபடி விரியும். இப்போது மின்காட்டியில் இருப்பது நேர்மின்னூட்டம், அதாவது குழாய்க்கு எதிர்க்குறி.

5. குறி தெரியாத பொருளை மெதுவாக அருகே கொண்டுவாருங்கள். விரிவு கூடினால் அதுவும் நேர்மின்னூட்டம்.

விரிவு குறைந்தால்? எதிர்மின்னூட்டம் என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. மின்னூட்டமே இல்லாத உங்கள் வெறுங்கையை அருகில் காட்டினாலும் விரிவு குறையும். மீண்டும் அதே விதிதான்: கூடுவதை நம்பலாம், குறைவதை நம்ப முடியாது. குறைந்தால் மின்காட்டிக்கு எதிர்மின்னூட்டம் கொடுத்து மறுபடி சோதிக்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. வலுவான எதிர்மின்னூட்டத்தைச் சட்டென்று கொண்டுவந்தால் இதழ் மடங்கி, கண்ணிமைப்பதற்குள் மறுபடி விரிந்துவிடும். பார்ப்பவருக்கு விரிவு கூடியது போலவே தெரியும். ஐந்தாம் படியில் ‘மெதுவாக’ என்ற சொல் அதற்காகத்தான்.

இதழ் உண்மையில் எதைக் காட்டுகிறது?

மின்னூட்டத்தின் அளவை என்பது வழக்கமான பதில். அது அரைகுறை. கண்ணாடிக்குப் பதில் உலோகக் கூடு கொண்ட மின்காட்டி ஒன்றை ஒரு தெர்மாகோல் பலகையில் வைத்து, தட்டையும் உலோகக் கூட்டையும் ஒரு கம்பியால் இணைத்துவிடுங்கள். இனி எவ்வளவு மின்னூட்டம் கொடுத்தாலும் இதழ் அசையாது. கம்பியை எடுத்துவிட்டுத் தட்டை விரலால் தரைக்குத் தொடுத்து, கூட்டுக்கு மட்டும் மின்னூட்டம் கொடுங்கள். இதழ் விரிகிறது!

ஆக, இதழ் காட்டுவது தனக்கும் கூட்டுக்கும் இடையிலுள்ள மின்னழுத்த வேறுபாட்டை. இது ஒரு வோல்ட்மீட்டர், அதுவும் மின்னோட்டத்தைக் குடிக்காத வோல்ட்மீட்டர். பாட்டிலுக்குள் தாள் ஒட்டித் தரைக்குத் தொடுக்கச் சொன்னது இதற்குத்தான். எதிலிருந்து அளக்கிறோம் என்பது நிலையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் மேல் எங்கெங்கோ ஒட்டிய மின்னூட்டம் இதழைத் தன் இஷ்டத்துக்கு இழுக்கும்.

பள்ளிக்கூட மின்காட்டி அசையத் தொடங்கவே சில நூறு வோல்ட் வேண்டும். ஆனால் அதன் மின்தேக்குதிறன் 10 பிக்கோஃபாரட் அளவில்தான் இருக்கும். 1,000 வோல்ட்டுக்கு ஏற சுமார் 6,000 கோடி எலெக்ட்ரான்கள் போதும். பெரிய எண்ணாகத் தெரியலாம். ஒரு ஆம்பியர் மின்னோட்டத்தில் அவ்வளவும் ஒரு நொடியின் பத்து கோடியில் ஒரு பங்கில் கடந்துபோய்விடும்.

அப்படியானால் மின்னூட்டத்தையே அளக்க வேண்டுமென்றால்? 1843-ல் மைக்கேல் ஃபாரடே வழி காட்டினார். அவர் பயன்படுத்தியது ஒரு பனிக்கட்டி வாளி. நமக்கு ஒரு உயரமான எவர்சில்வர் டம்ளர் போதும். அதை மின்காட்டியின் தட்டில் உட்கார வையுங்கள். பட்டு நூலில் கட்டிய, மின்னூட்டமுள்ள உலோக உருண்டையை டம்ளருக்குள் இறக்குங்கள். இதழ் விரியும். நன்றாக உள்ளே போன பிறகு உருண்டையை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பாருங்கள்: விரிவு மாறாது. டம்ளரின் அடியில் தொட்டுவிடுங்கள், அப்போதும் மாறாது. உருண்டையை வெளியே எடுத்துச் சோதித்தால் அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. டம்ளருக்குள் எவ்வளவு போனதோ அதே அளவு வெளிப்பக்கத்தில் தோன்றிவிடுகிறது. குடத்தின் அகலம் மாறாததால் மட்டத்தைப் பார்த்தே அளவைச் சொல்லலாம்.

இதே டம்ளரில் இன்னொரு சோதனை. எனக்குத் தெரிந்து நிலைமின்னியலில் இதைவிட அழகானது கிடையாது. பிளாஸ்டிக் குச்சியின் நுனியில் ஒரு கம்பளித் துண்டு. இன்னொரு குச்சியின் நுனியில் ஒரு சிறிய பி.வி.சி. தகடு. இரண்டையும் டம்ளருக்குள்ளேயே ஒன்றோடொன்று தேயுங்கள். எவ்வளவு தேய்த்தாலும் இதழ் சும்மா இருக்கும். இப்போது தகட்டை மட்டும் வெளியே எடுங்கள், இதழ் விரிகிறது. தகட்டை உள்ளே விட்டுக் கம்பளியை எடுங்கள், அதே அளவு விரிகிறது. இரண்டையும் சேர்த்து உள்ளே விட்டால் பூஜ்யம். தேய்ப்பதால் புதிதாக எதுவும் உண்டாகவில்லை. ஒன்று இழந்ததை மற்றொன்று பெற்றது. ஒரு டம்ளரும் இரண்டு ரேக்குத் துண்டுகளும் மின்னூட்ட அழிவின்மை விதியைக் கண்முன் காட்டிவிடுகின்றன.

சென்னையில் ஏன் சொதப்புகிறது?

மேலே சொன்னதெல்லாம் கடலோர ஊர்களில் முதல் முயற்சியில் நடக்காது. ஈரக்காற்று மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது என்பது வழக்கமான விளக்கம். உண்மையில் காற்றிலுள்ள நீராவி அப்படியொன்றும் நல்ல கடத்தி இல்லை. கண்ணாடி, அடைப்பான், பட்டு நூல் போன்றவற்றின் மேல் படியும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமே குற்றவாளி. மின்னூட்டம் அதன் மேல் நடந்து போய்விடுகிறது. கை வியர்வையின் உப்பும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சோதனை தானாக நடக்கும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி 60-ஐத் தாண்டியே இருக்கிறது. வழிகள் எளியவை: ஏ.சி. அறையில் செய்வது, பொருட்களை முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கிக் காயவைப்பது, அடைப்பானுக்கு ரப்பரை விட்டுவிட்டு மெழுகையோ டெஃப்லானையோ பயன்படுத்துவது. இந்த இரண்டின் மேல் நீர்ப்படலம் எளிதில் பரவாது.

டெஸ்டரும் ஜேஃபெட்டும்

எலெக்ட்ரீஷியன் சட்டைப்பையில் இருக்கும் நியான் டெஸ்டரும் ஒரு மின்னூட்டக் காட்டிதான். ‘சுருக்’ வரும் என்று தெரிந்த நேரத்தில், விளக்கை அணைத்துவிட்டு, டெஸ்டரின் தலையை விரலால் பிடித்து அதன் முனையால் கதவுக் கைப்பிடியைத் தொடுங்கள். (பிளக்கில் இல்லை, கைப்பிடியில்.) உள்ளே ஒரு ஆரஞ்சு மினுக்கு. எதிர்முனையாக இருக்கும் கம்பியைச் சுற்றியே ஒளி வரும் என்பதால், விரல் பக்கத்துக் கம்பி மினுக்கினால் உங்கள் உடம்பில் எதிர்மின்னூட்டம். உள்ளேயிருக்கும் பெரிய மின்தடை ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதால் இந்த முறை வலிக்கவும் செய்யாது.

மின்னணுக் கடையில் ஜேஃபெட் வாங்க முடிந்தால் இன்னும் நுட்பமாகப் போகலாம். இது ஒரு வகை டிரான்சிஸ்டர்; ‘கேட்’ என்ற அதன் கம்பியிலுள்ள மின்னழுத்தம் உள்ளே ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். கல்லூரி ஆய்வகங்களில் புழங்கும் பி.எஃப்.டபிள்யூ. 10 போதும். 9 வோல்ட் பேட்டரி, ஒரு எல்.இ.டி., சில நூறு ஓம் மின்தடை, ஜேஃபெட் எல்லாவற்றையும் வரிசையாக இணைத்து, கேட் கம்பியை எதனோடும் இணைக்காமல் ஆன்டெனா போல நிமிர்த்தி விடுங்கள். எல்.இ.டி. எரிந்துகொண்டிருக்கும். தேய்த்த பி.வி.சி. குழாயைக் காட்டினால், அது கொஞ்சம் தள்ளி இருக்கும்போதே அணைந்துவிடும். குழாயை விலக்கினால் மறுபடி எரியும். தங்க இதழைவிடப் பல மடங்கு கூர்மையானது. அந்தக் கூர்மையே தொந்தரவு; அருகில் யாராவது பாலியஸ்டர் சட்டையோடு நடந்தாலும் மினுக்கும். கேட்டில் மின்னூட்டம் தங்கிவிட்டால் ஒரு முறை கையால் தொட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

கசிவே செய்தியானபோது

எவ்வளவு நன்றாகக் காயவைத்தாலும், எவ்வளவு நல்ல அடைப்பான் போட்டாலும், இதழ் மெல்ல மெல்ல மடங்கிவிடும். 1785-லேயே கூலூம் இந்தக் கசிவைக் கவனித்தார். அடைப்பானின் குறை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் தட்டுக்கு அருகே ஒரு தீக்குச்சியைக் கொளுத்தினால் இதழ் உடனே சரிவதைப் பார்க்கலாம். சுடர் காற்றை அயனிகளாக, அதாவது மின்னூட்டமுள்ள துகள்களாக, மாற்றுகிறது, அவை மின்னூட்டத்தைத் தீர்த்துவிடுகின்றன. கதிரியக்கப் பொருளும் அதையே செய்யும். ஆக, காற்றிலேயே ஏதோ அயனிகளை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. மண்ணிலுள்ள கதிரியக்கம்தான் என்று எண்ணினார்கள். அப்படியானால் உயரே போனால் கசிவு குறைய வேண்டும்.

1910-ல் தியோடர் வுல்ஃப் தானே வடிவமைத்த மின்னழுத்தமானியை ஈஃபில் கோபுரத்தின் மேலே தூக்கிப்போனார். குறைந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. 1912 ஆகஸ்ட் 7 அன்று ஆஸ்திரியாவின் விக்டர் ஹெஸ் ஹைட்ரஜன் பலூனில் 5,300 மீட்டருக்கு மேல் ஏறினார். அங்கே கசிவு தரையில் இருந்ததைவிடத் தெளிவாகவே வேகமாக இருந்தது. காரணம் கீழே இல்லை, மேலே. விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்கள் அப்படித்தான் பிடிபட்டன. 1936-ல் நோபல் பரிசு.

அதே கதிர்கள் பிறகு எதிர்த்திசையில் வேலைக்கு வந்தன. ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகம் அண்டக்கதிர்களிலிருந்து பிறக்கும் மியூவான்கள் என்ற நுண்துகள்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. மியூவானுக்கு மின்னூட்டம் உண்டு; இடிமேகத்தின் வழியே வரும்போது அதன் ஆற்றல் கூடும் அல்லது குறையும், எண்ணிக்கையும் அதற்கேற்ப மாறும். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த ஒரு மேகத்தை இப்படிக் கணக்கிட்டு, அதன் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று 2019-ல் வெளியிட்டார்கள். அந்த மேகத்துக்கும் எந்தக் கம்பியும் தொடுக்கவில்லை, அதன் மின்னூட்டத்தில் ஒரு துளியையும் யாரும் குடித்துவிடவில்லை.